பதில் சொல்லாத கோச்: வேலையில் ஒருபக்கம் சாயாமல் வளர்வதற்கு ஓர் அறிமுகம்

தமிழ்நாட்டில் ‘கோச்சிங் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், ‘டிஎன்பிஎஸ்சியா, நீட்டா?’ என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். பஸ் நிலையத்தை ஒட்டிய மாடிக் கட்டடம், ஒரே அறையில் நூறு பேர், கையில் மாதிரி வினாத்தாள். தெரிந்தவர் முன்னால் நின்று சொல்வார், தெரியாதவர்கள் குறித்துக்கொள்வார்கள். இந்தக் காட்சி மனத்தில் இருப்பதால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்துத் தன் தொழிலை நன்றாகவே அறிந்த ஒருவரிடம் ‘நீங்கள் ஒரு கேரியர் கோச்சைப் பாருங்கள்’ என்றால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். ‘இனிமேல் எனக்கு யார் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள்?’ என்பார்.

நியாயமான கேள்வி. ஆனால் இந்தத் துறையில் கோச் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. கேட்கிறார். கேட்பதற்கா பணம் என்று முதலில் எனக்கும் தோன்றியது. அது எப்படி வேலை செய்கிறது என்று விளங்கியபின், நம் அலுவலகங்களில் மிக அரிதாகக் கிடைப்பதே இதுதான் என்று நினைக்கிறேன்.

கோச் என்ற சொல் வந்த வழியைப் பார்த்தால் பொருள் மாறிய இடம் தெரியும். ஹங்கேரியில் கோச் என்றொரு கிராமம் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் நல்ல குதிரை வண்டிகள் செய்வதற்குப் பேர்போன ஊர். ஊரின் பெயரே வண்டிக்கும் ஆகி, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் நுழைந்தது. ரயில் பெட்டியை நாம் கோச் என்பதும் அந்த வழியில் வந்ததுதான். 1830களில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், தங்களைத் தேர்வின் அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் தனி ஆசிரியரை விளையாட்டாகக் ‘கோச்’ என்று அழைத்தார்கள். பிறகு அது விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் பெயராயிற்று. ஆக, நம் ஊர்ப் பயிற்சி மையங்கள் இந்தச் சொல்லைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. பழைய பொருளில் பயன்படுத்துகின்றன.

புதிய பொருள் டென்னிஸ் மைதானத்தில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் கற்பித்துக்கொண்டிருந்த டிமத்தி கால்வே ஒன்றைக் கவனித்தார். ‘மணிக்கட்டை இப்படி வை, தோளைத் திருப்பு, முழங்காலை மடக்கு’ என்று சொல்லச் சொல்ல, மாணவரின் உடல் விறைத்துக்கொண்டே போனது. எனவே கையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். பந்து தரையில் பட்டுத் துள்ளும் கணத்தில் ‘துள்ளல்’ என்றும், மட்டையில் படும் கணத்தில் ‘அடி’ என்றும் வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மாணவரின் கவனம் பந்தில் நிலைத்தது. சொல்லித்தராமலேயே வீச்சு சீரானது. வலைக்கு அப்பால் நிற்கும் எதிராளியைவிடத் தலைக்குள் ஓயாமல் அதட்டிக்கொண்டிருக்கும் குரல்தான் பெரிய எதிராளி என்று 1974இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார்.

அந்தச் சிந்தனையைப் பிரிட்டனுக்கும் அலுவலகங்களுக்கும் கொண்டு சென்றவர்களில் முக்கியமானவர் ஜான் விட்மோர். கார்ப் பந்தய வீரர், 1965இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன். 1980களில் அவரும் அவருடைய சக பயிற்சியாளர்களும் உருவாக்கிய உரையாடல் முறையைத்தான் இன்றும் பெரும்பாலான கோச்சுகள் முதலில் கற்கிறார்கள். ‘க்ரோ’ (GROW) என்று பெயர். வளர் என்று பொருள்படும் அந்த ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளும் நான்கு படிகளைக் குறிக்கின்றன: இலக்கு, நிலவரம், வழிகள், உறுதி.

பெயர்களைச் சொல்லிவிட்டால் விளங்கிவிடாது. உள்ளே நடப்பதைப் பார்ப்போம்.

ஒரு பெண், வயது 36 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் 12 ஆண்டுகளாக மெர்ச்சண்டைசர். அதாவது ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனமான பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவர். சாம்பிள் ஒப்புதல், நூல், நிட்டிங், சாயம், தையல், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொன்றும் தேதிப்படி நகர்கிறதா என்று பார்த்து, சரக்கைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு உரிய நாளில் அனுப்ப வேண்டியவர். ஒரு வாரம் பிசகினால் கப்பலில் போக வேண்டிய சரக்கு விமானத்தில் போகும், ஆர்டரின் லாபம் அந்த வாடகையிலேயே கரைந்துவிடும். அவர் நான் கற்பனை செய்துகொண்ட பாத்திரம்தான். அவிநாசி சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு அவரை அடையாளம் தெரியும். முதலாளி அவரிடம் சொல்லியிருக்கிறார்: ‘ஏப்ரலில் இருந்து நீங்கள்தான் மெர்ச்சண்டைசிங் மேனேஜர்.’ சந்தோஷப்பட வேண்டியவருக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லை. ஒரு கோச்சிடம் வருகிறார்.

‘இந்த ஒரு மணி நேரம் முடியும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்?’ என்று கோச் கேட்கிறார்.

‘இந்தப் பதவியை ஏற்கலாமா வேண்டாமா என்று தெரிய வேண்டும்.’

‘ஏற்றால் என்ன ஆகும்?’

‘இப்போது நாலு பையர் பார்க்கிறேன். அப்போது பன்னிரண்டு. இப்போதே இரவு பதினொரு மணிக்குச் சாயப்பட்டறைக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன்.’

‘போன வாரம் எத்தனை இரவு?’

‘ஐந்து.’

‘அந்த ஐந்தில், நீங்களே பேசியிருக்காவிட்டால் ஷிப்மென்ட் நின்றிருக்கும் என்று சொல்லக்கூடியவை எத்தனை?’

அவர் வெகுநேரம் யோசிக்கிறார். ‘ஒன்று.’

‘மற்ற நான்கு?’

‘என் ஜூனியர் பேசியிருக்கலாம். ஆனால் அந்தத் தம்பி பேசினால் பட்டறையில் மதிக்க மாட்டார்கள்.’

‘பேசிப் பார்த்திருக்கிறாரா?’

இதற்குப் பதில் வரவில்லை. கோச்சும் அடுத்த கேள்விக்குத் தாவாமல் காத்திருக்கிறார். இந்த மௌனம்தான் அந்த ஒரு மணி நேரத்தின் விலைமதிப்புள்ள பகுதி. நம்மில் எவராக இருந்தாலும் அந்த இடத்தில், ‘வேலையைப் பிரித்துக் கொடுங்கள், எல்லாவற்றையும் நீங்களே செய்தால் எப்படி?’ என்று சொல்லியிருப்போம். அவரும் ‘ஆமாம் சார், நீங்கள் சொல்வது சரிதான்’ என்று தலையாட்டிவிட்டு, அன்று இரவும் பதினொரு மணிக்குப் போன் செய்திருப்பார். அந்த அறிவுரை அவர் அறியாததில்லை. ஜூனியரை ஒரு முறைகூடப் பேசவிட்டதில்லை என்பதைத்தான் அவர் இதுவரை பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டார், அதுவும் தானாக.

இலக்கு மெல்ல நகர்ந்துவிட்டதையும் கவனியுங்கள். ‘பதவியை ஏற்கலாமா?’ என்று வந்தவருக்கு, ‘போனை ஏன் என்னால் கைமாற்ற முடியவில்லை?’ என்பதே உண்மையான கேள்வி என்று நிலவரத்தை எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. கைமாற்றத் தெரிந்தால் பன்னிரண்டு பையர் பாரமாகாது. தெரியாவிட்டால் நாலே பாரம்தான்.

பிறகு வழிகள். கோச் ஒன்றும் சொல்வதில்லை. ‘வேறு என்ன செய்யலாம்? அப்புறம்?’ என்று மட்டும் கேட்கிறார். மூன்றாவது ‘அப்புறம்’ வரும்போது அந்தப் பெண் சொல்கிறார்: ‘போனில் அறிமுகப்படுத்தினால் நடக்காது. திருப்பூரில் தொழில் முகம் பார்த்துத்தான் நடக்கும். தம்பியை வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கே போய், இனிமேல் இவர்தான் கூப்பிடுவார், இவர் சொன்னால் நான் சொன்ன மாதிரி என்று சொல்லிவிட்டு வரலாம்.’ இப்படியொரு யோசனை எந்த மேலாண்மை வகுப்பிலும் கிடைக்காது. லேப் டிப் (நிறத்துக்கு ஒப்புதல் வாங்கச் சாயமிட்டுக் காட்டும் சிறு துணி மாதிரி) என்றால் என்னவென்றே தெரியாத அந்தக் கோச்சும் சொல்லியிருக்க முடியாது. ஊரையும் தொழிலையும் 12 ஆண்டுகளாக அறிந்தவரிடமே அது இருந்தது.

கடைசியாக உறுதி. என்றைக்கு, எத்தனை மணிக்கு? வியாழன், மதியம் மூன்று. செய்வீர்கள் என்பதற்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள்? ‘ஆறு.’ அதை எட்டாக்க என்ன வேண்டும்? ‘முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், ஏன் நீங்கள் பேசவில்லை என்று அவரே என்னைக் கூப்பிடுவார்.’ தடை எங்கே இருக்கிறது என்று அந்த ஆறு மதிப்பெண் காட்டிக்கொடுத்தது. பதினைந்து நாள் கழித்து அடுத்த சந்திப்பில், வியாழக்கிழமை என்ன நடந்தது என்பதிலிருந்து பேச்சு தொடங்கும். பொதுவாக இப்படி ஆறு முதல் பன்னிரண்டு சந்திப்புகள் இருக்கும்.

கோச்சோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. தான் நடந்த பாதையைச் சொல்லி வழிகாட்டும் மூத்தவர் மென்டர். ஒரு திறனைக் கற்பிப்பவர் டிரெய்னர். மனத்தின் காயத்தையும் நோயையும் பார்ப்பவர் உளவியல் ஆலோசகரோ மருத்துவரோ. இவர்களில் யாரும் யாருக்கும் மாற்றாக மாட்டார்கள். ஒரு நல்ல கோச், எதிரே இருப்பவருக்குத் தேவை மருத்துவர் என்று தெரிந்தால் தயங்காமல் அங்கே அனுப்ப வேண்டும்.

இப்போது ‘சமநிலை’ என்ற சொல்லுக்கு வருவோம். இந்தச் சொல்லைக் கேட்டதும் வேலைக்கு எட்டு மணி, வீட்டுக்கு எட்டு மணி, தூக்கத்துக்கு எட்டு மணி என்று சமபங்கு போடத் தோன்றும். ஷிப்மென்ட் நெருங்கும் வாரத்தில் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் வாழ முடியாது. கணக்கு பிசகியதற்காகக் குற்ற உணர்வுதான் மிஞ்சும். சமநிலையை நாளில் தேடாமல் ஆண்டில் தேட வேண்டும் என்பது என் எண்ணம். கடுமையான ஆறு வாரம் வரட்டும், அதற்குப் பின் அதை ஈடுசெய்யும் நாள்கள் காலண்டரில் இருக்கின்றனவா? இல்லையென்றால் அது கடுமையான காலம் ஆகாது, நிரந்தர நிலை ஆகிவிட்டது என்று பொருள்.

இதை அலட்சியம் செய்ய முடியாது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும், இதயத் தமனி நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம். வேலையால் வரும் ‘பர்ன் அவுட்’ என்னும் சோர்வையும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் சர்வதேச வகைப்பாட்டில் விளக்கிச் சேர்த்தது. நோயாக அதைச் சொல்லவில்லை, வேலைச் சூழலோடு தொடர்புடைய நிலையாகச் சொன்னது. அதற்கு மூன்று அடையாளங்கள்: வற்றிப்போன உணர்வு, வேலையின் மேல் விலகலும் கசப்பும், முன்போல் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். முதல் அடையாளத்தை எல்லோரும் கவனிக்கிறார்கள். இரண்டாவதைத்தான் தவறவிடுகிறோம். நேற்றுவரை ஆசையாகச் செய்த வேலையைப் பற்றி ஒருவர் ‘எதைச் செய்து என்ன’ என்று பேசத் தொடங்கினால், அவருடைய சுபாவம் மாறிவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நேரம் தவிர இன்னொரு சமநிலை உண்டு. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வளர்ச்சி ஒரே திசையில் போய்விடாமல் இருப்பது. நம் திருப்பூர்க்காரர் மூன்றாவது சந்திப்பில் அதைத் தன் தொழில் மொழியிலேயே சொல்லக்கூடும்: ‘பின்னல் துணியை நீளவாக்கில் இழுத்தால் அகலம் குறுகும். நான் 12 வருடமாக நீளத்திலேயே இழுத்திருக்கிறேன்.’ தேதி பிசகாமல் சரக்கு அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் யாரையும் வளர்த்துவிடவில்லை. சம்பளத்தைப் பற்றி ஒரு முறைகூட வாய் திறந்து கேட்டதில்லை. பையரோடு மின்னஞ்சலில் சரளம், காணொளிச் சந்திப்பில் முதலாளியைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்வார். முதுகுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறார். ஐந்து ஆண்டுக்குப் பின் என்னவாக இருக்க வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நீளம் அழகாக வந்திருக்கிறது, அகலம் போய்விட்டது.

இந்தக் குறையைச் சான்றிதழ்களால் நிரப்பப் பார்ப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். வார இறுதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக ஆன்லைன் படிப்பு. அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள தலைமைப் பண்பு ஆய்வு மையம் ஒன்றில் 1980களில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து 70-20-10 என்றொரு வழிகாட்டுக் கணக்கு பிறந்தது. மேலாளர்கள் கற்றதில் ஏறக்குறைய 70 பங்கு சவாலான வேலைகளிலிருந்து, 20 பங்கு பிற மனிதர்களிடமிருந்து, 10 பங்குதான் வகுப்பறையிலிருந்து என்று அது சொல்கிறது. இவை துல்லியமாக அளந்த எண்கள் அல்ல, தோராயமாக எடுத்துக்கொள்ள வேண்டியவை. ஆனால் திசை சரியானது. பட்டறைக்கு ஜூனியரை அழைத்துச் சென்ற அந்த வியாழக்கிழமை, தலைமைப் பண்பு குறித்த ஒரு வாரப் படிப்பைவிட அதிகம் கற்றுத்தரும்.

கோச்சிங் என்பது தடுமாறுபவர்களுக்கு மட்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு என்பதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று, இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்க அறுவைசிகிச்சை நிபுணர் அதுல் கவாண்டே 2011இல் எழுதிய தன் சொந்த அனுபவம். எட்டு ஆண்டுகள் பணிக்குப் பின், தன் திறமை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டதோ என்று அவருக்குத் தோன்றியது. தன் பயிற்சிக் காலத்தில் தனக்குக் கற்பித்து, பின்னர் ஓய்வுபெற்றிருந்த ராபர்ட் ஆஸ்டீன் என்ற மருத்துவரைத் தன் அறுவைசிகிச்சை அறைக்கு வந்து வெறுமனே பார்க்கும்படி அழைத்தார். அன்று நடந்தது தைராய்டு அறுவைசிகிச்சை, நன்றாகவே முடிந்தது. திருத்த ஒன்றுமில்லை என்றுதான் கவாண்டே நினைத்தார். ஆஸ்டீனின் குறிப்பேட்டிலோ பக்கம் நிறைந்திருந்தது. விளக்கின் ஒளி காயத்தை விட்டு விலகிப் போயிருந்ததையும், சில சமயம் முழங்கை தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டதையும், துணி விரித்திருந்த விதம் தனக்கு வசதியாகவும் எதிரே நின்ற உதவியாளருக்கு இடைஞ்சலாகவும் இருந்ததையும் கவாண்டே கவனிக்கவே இல்லை. அந்த 20 நிமிடப் பேச்சு, கடந்த ஐந்து ஆண்டுகளில் கிடைத்ததைவிட அதிகம் யோசிக்கவும் செய்யவும் தந்தது என்று எழுதினார். கேள்வி கேட்பதைப் போலவே, நமக்குத் தெரியாத நம் முழங்கையைப் பார்த்துச் சொல்வதும் கோச்சின் வேலை. தேர்ந்தவர்களுக்குத்தான் அதைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

சரி, கோச்சை எப்படித் தேர்வது? இந்தியாவில் கோச் என்று பெயர்ப் பலகை வைக்கச் சட்டப்படியான உரிமம் எதுவும் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதால் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். 1995இல் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பு மூன்று நிலைகளில் தகுதிச் சான்று தருகிறது. மற்ற தேவைகளோடு, முதல் நிலைக்குக் குறைந்தது 100 மணி நேரமும், இரண்டாம் நிலைக்கு 500 மணி நேரமும், மூன்றாம் நிலைக்கு 2,500 மணி நேரமும் கோச்சிங் செய்திருக்க வேண்டும். சான்று இருந்தால் நல்லது. அதைவிட நான் நம்புவது முதல் அறிமுகச் சந்திப்பைத்தான். அதில் யார் அதிகம் பேசினார்கள் என்று பாருங்கள். அவரே தன் சாதனைகளைப் பேசிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். பணம் கட்டினால் வேலை வாங்கித் தருகிறேன், ஆறு மாதத்தில் சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்பவர்கள் கோச்சே இல்லை. அவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நிறுவனமே கட்டணம் கட்டி அனுப்பும்போது ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்: இந்த அறையில் பேசுவதில் எது ஹெச்ஆருக்குப் போகும்? பொதுவான நல்ல வழக்கம், எந்த இலக்குக்காகச் சந்திக்கிறோம், எத்தனை முறை சந்தித்தோம் என்பது மட்டும் நிறுவனத்துக்குத் தெரியும், பேசியது அங்கேயே நிற்கும் என்பதுதான். இதை எழுத்தில் கேளுங்கள். தயங்குகிறார்கள் என்றால், வேலையை விடும் எண்ணத்தையெல்லாம் அங்கே பேச வேண்டாம்.

கட்டணம் கொடுத்து கோச் வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலானோருக்கு இருக்காது. அதனால் கதவு மூடிவிட்டதாக நினைக்க வேண்டியதில்லை. நல்ல மேலாளர் என்பவர் யார் என்று கூகுள் நிறுவனம் 2009 வாக்கில் தன் ஊழியர்களிடையே ஆராய்ந்தபோது, கிடைத்த எட்டுப் பண்புகளில் முதலிடத்தில் நின்றது ‘நல்ல கோச்சாக இருக்கிறார்’ என்பது. தொழில்நுட்பத் திறன் எட்டாவது இடத்துக்குப் போனது. எனவே உங்களுக்குக் கீழே இரண்டு பேர் இருந்தாலும், அவர்களுக்கு நீங்கள் அப்படி இருக்கலாம். உங்களுக்கு ஒருவர் வேண்டுமென்றால், வேலையில் ஏறக்குறைய சம நிலையில் இருக்கும் ஒரு நண்பரைக் கேளுங்கள். வேறு துறையில் இருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிடம், ஆளுக்குப் பாதி. விதி ஒன்றே ஒன்றுதான்: கேட்பவரின் முறை வரும்போது அவர் கேள்வி மட்டுமே கேட்க வேண்டும். ‘நான் உன் இடத்தில் இருந்தால்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு அங்கே அனுமதியில்லை. ‘இதைச் செய்து பார்க்கலாமே?’ என்பதும் கேள்விக்குறி போட்ட அறிவுரைதான்.

தொடங்குவதற்கு முன் ஒரு வாரம், ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வாருங்கள். நிலவரம் என்ற படிக்கு அதுவே போதும். முதல் கேள்வியாக இதை வைத்துக்கொள்ளலாம்: ‘இதில் உன்னைத் தவிர வேறு ஒருவர் செய்திருக்கக்கூடியது எது?’ அவர் பதில் சொல்லி முடித்ததும் உடனே பேசாமல் சற்றுக் காத்திருங்கள். முதலில் வந்த பதிலுக்குப் பின்னால் இன்னொன்று பெரும்பாலும் இருக்கும்.